மைத்ரிக்கு யார் அரிசி அனுப்புவது?

கேள்வி: அண்டார்டிகா ஆய்வுக்கு எந்தப் பல்கலைக்கழகமும் தானே போகலாமே, நடுவில் மத்திய அமைப்பு எதற்கு?

பதில்: போய்விடலாம், திரும்பி வருவதுதான் பாடு! கப்பல் நெருங்க முடிவது கோடையின் சில மாதங்கள்தான். அதற்குள் அங்குள்ள இந்தியாவின் மைத்ரி, பாரதி ஆய்வு நிலையங்களுக்கு ஆண்டு முழுவதற்குமான டீசல், அரிசி, மருந்து எல்லாம் போய்ச் சேர வேண்டும். மறந்துபோனதை வாங்க அங்கே பெட்டிக்கடை கிடையாது. கோவாவிலுள்ள தேசியத் துருவ, பெருங்கடல் ஆய்வு மையம் அந்தப் பாரத்தைச் சுமப்பதால்தான் விஞ்ஞானி நிம்மதியாகப் பனியைத் துளைக்கிறார்.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது வேறு. அண்டார்டிக் உடன்படிக்கையில் பின்னர் சேரும் நாடு முடிவெடுக்கும் உரிமை பெற, அங்கே கணிசமான ஆய்வு நடத்திக் காட்ட வேண்டும். இந்தியா 1983இல் அந்த உரிமையைப் பெற்றது. அந்த ஆய்வு தொடரவும் மத்திய அமைப்பு தேவை. பல்கலைக்கழகங்கள் ஆளுக்கொரு திசையில் இரண்டு வருஷம் அளந்துவிட்டு வந்தால் கட்டுரை வரும். ஆனால் பனி எந்த வேகத்தில் கரைகிறது என்று சொல்லப் பல பத்தாண்டு இடைவிடாத பதிவு வேண்டுமே!