கேபிள் துறந்தார்

மண், பெண், பொன் மூன்றையும் துறந்தவரைத் துறவி என்றார்கள் அந்தக் காலத்தில். எங்கள் மடிப்பாக்கம் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் ஒரு துறவி இருக்கிறார். மேற்படி மூன்றையும் பத்திரமாக வைத்துக்கொண்டு, கேபிள் டிவியை மட்டும் துறந்தவர். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். அடையாளம் சுலபம். லிஃப்டில் நாம் தனியாக மாட்டினால், "சார், நீங்க இன்னுமா கேபிள் வச்சிருக்கீங்க?" என்று கேட்பார். 'இன்னுமா விறகடுப்பில் சமைக்கிறீர்கள்?' என்று கேட்கிற அதே இரக்கத்தோடு.

சித்தார்த்தர் ஒரு பிணத்தைப் பார்த்துக் கிளம்பினார். நம்மவர் பார்த்தது பில்லை.

சென்னைக்காரர் என்பதால் அவருக்கு இதில் பழைய காயம் உண்டு. செட்டாப் பாக்ஸ் இல்லாவிட்டால் கட்டணச் சானல் கிடையாது என்ற சி.ஏ.எஸ். முறை 2003 செப்டம்பரில் சென்னைக்குத்தான் முதலில் வந்தது. அப்போதே ஒரு பாக்ஸுக்குப் பணம் அழுதவர். பிறகு 2019 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் புது விதி வந்தது. அடிப்படைக் கட்டணம் 130 ரூபாய், அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., ஆக 153 ரூபாய் 40 காசு. இதற்கு 100 இலவசச் சானல். கட்டணச் சானல் வேண்டுமென்றால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொள்ளலாம். ஊரே தலையைச் சொறிந்தபோது இவர் மட்டும் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வந்து உட்கார்ந்தார். மூன்று நாள் கணக்குப் போட்டு, 'நமக்கு வேண்டியது எட்டே சானல்' என்ற ஞானத்தை அடைந்தார். அந்த எட்டில் அம்மாவின் பக்திச் சானல் இல்லை என்று தெரிந்ததும் ஞானம் ஒன்பதாயிற்று. விடுமுறைக்கு மைத்துனர் வந்தபோது பன்னிரண்டாயிற்று. மாசக் கடைசியில் பில் பழைய இடத்திலேயே வந்து நின்றது. மனுஷருக்கு வைராக்கியம் பிறந்தது அன்றுதான்.

ஒருநாள் கேபிள் தம்பியைக் கூப்பிட்டு, "வயரை வெட்டிடு" என்றார். ஏதோ தொப்புள்கொடி அறுக்கிற மாதிரி குடும்பமே சுற்றி நின்று பார்த்தது. தம்பி வயரை வெட்டி, சுருட்டி, ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டுப் போனான். ஜன்னல் சட்டத்தில் வயர் நுழைந்த ஓட்டை மட்டும் மிச்சம். அதில் பழைய துணியை அடைத்தார்கள்.

இனிமேல்தான் தவம். எந்த இணையச் சேவையில் சேருவது?

கேபிள் என்பது கல்யாணப் பந்தி. வேண்டியதோ வேண்டாததோ எல்லாம் ஒரே இலையில் விழும். இணையத்திலோ சாம்பார் ஒரு கடையில், ரசம் அடுத்த தெருவில், அப்பளம் அக்கரையில். சன் டிவி வேண்டுமா, சன் நெக்ஸ்ட். விஜய் டிவி வேண்டுமா, ஜியோஹாட்ஸ்டார். ஜீ தமிழுக்கு ஜீ5. சோனி சானல்களுக்கு சோனி லிவ். யார் சானலோ அவர் கடை. இதில் ஹாட்ஸ்டாரும் ஜியோசினிமாவும் 2025 பிப்ரவரி 14 அன்று, காதலர் தினமாகப் பார்த்து, ஒன்றாயின. அந்தச் செய்தியைக் கேட்டு நாட்டிலேயே மனப்பூர்வமாக மகிழ்ந்தவர் இவராகத்தான் இருக்கும். நோட்டில் ஒரு வரி குறைந்ததே!

அந்த நோட்டை ஒருமுறை பார்த்திருக்கிறேன். சேவையின் பெயர், மாதக் கட்டணம், வருஷக் கட்டணம், எத்தனை திரை, விளம்பரம் உண்டா, நேரலை உண்டா, எந்த நம்பரில் பதிவு செய்தது என்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட கட்டங்கள். கடைசிப் பத்தி 'மொத்தம்'. அதை மட்டும் அவர் நிரப்புவதே இல்லை.

நோட்டின் பின்னட்டையில் ஒரு பஞ்சாங்கம். மார்ச் முதல் மே வரை ஐ.பி.எல்., ஆகவே அதைக் காட்டும் சேவை உள்ளே. முடிந்ததும் வெளியே. அக்டோபரில் பிக்பாஸ், மறுபடி உள்ளே. தானியங்கிப் பற்றுக்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ வரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்தக் குறுஞ்செய்தி வந்தால் மனிதர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து எழுந்து, எச்சில் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடது கட்டைவிரலால் 'ரத்து' பொத்தானைத் தேடுவார். இராகு காலத்துக்கு முன் கிளம்பவேண்டிய கல்யாண வீட்டுக்காரர்கூட இவ்வளவு பதற்றப்பட மாட்டார்.

அவருக்கு வாய்த்த சோதனை, அம்மா. 1993 தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டிவி தொடங்கியதிலிருந்து பார்க்கிற பாட்டி. பழைய ரிமோட்டில் கண்ணை மூடிக்கொண்டு நம்பர் அடிப்பார். புது ரிமோட்டில் நம்பரே இல்லை; ஒரு மைக் படம்தான் இருக்கிறது. "அம்மா, இதை அமுக்கிக்கிட்டு என்ன வேணும்னு வாயால சொல்லு, போதும்" என்று பாடம் எடுத்தார். பாட்டி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, மரியாதையாக, "ஏம்மா, சன்னு போடும்மா" என்றார். உள்ளிருந்த பெண் குரல், சூரியன் பூமியிலிருந்து சுமார் 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது என்றது. பாட்டி மைக்கை இன்னும் கிட்டே கொண்டுபோய், "அவ்வளவு தூரமெல்லாம் வேணாம்மா, எட்டு மணி சீரியல் போதும்" என்றார்.

கிரிக்கெட்டில் சோதனை வேறு மாதிரி. ஒரு மே மாத ராத்திரி, கடைசி ஓவர். அவர் வீட்டில் நானும் உட்கார்ந்திருந்தேன். திரையில் பந்து வீச்சாளர் பந்தை பேண்ட்டில் தேய்த்துக்கொண்டிருக்கிறார். கீழ்வீட்டில் திடீரென்று, "போச்சு!" என்று ஒரு ஓலம். கீழ்வீட்டில் கேபிள். எங்கள் வீச்சாளர் இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லை.

துறவி அசரவில்லை. "அது ஒண்ணுமில்ல சார்" என்று உபதேசம் தொடங்கினார். நேரலைப் படத்தை ஆறு விநாடி, ஏழு விநாடித் துண்டுகளாக நறுக்கித்தான் இணையத்தில் அனுப்புகிறார்களாம். பாதியில் திக்காமல் இருக்க நம்ம பெட்டி இரண்டு மூன்று துண்டுகளைக் கையிருப்பு வைத்துக்கொண்டுதான் போட ஆரம்பிக்குமாம். நறுக்கி, சுருக்கி, ஊர் ஊராக சர்வரில் ஏற்றி, இறக்கி வருவதற்குள் அரை நிமிஷம் ஓடிவிடுமாம். இதை அவர் சொல்லி முடிக்கவும் எங்கள் திரையில் விக்கெட் விழவும் சரியாக இருந்தது. யாரும் கத்தவில்லை. ஏற்கெனவே காரியம் முடிந்த வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போனதுபோல் தலையை ஆட்டிக்கொண்டோம்.

மறுநாளிலிருந்து அவர் ஜன்னல்களைச் சாத்திவிடுகிறார். அக்னி நட்சத்திரத்தில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, அரை நிமிஷம் பழைய நேரலையைப் பார்க்கிற குடும்பம் அது.

இத்தனைக்கும் நடுவில் அவருக்கே தெரியாமல் ஒன்று நடந்துவிட்டது. "எல்லாத்துலயும் சேர்ந்திருக்கேன், நீங்களும் பார்த்துக்கோங்க" என்று பெருந்தன்மையாகப் பாஸ்வேர்டைச் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தார். இப்போது கும்பகோணத்தில் மச்சினி சீரியலைத் திறந்தால் மடிப்பாக்கத்தில் பாட்டியின் திரை இருண்டுவிடும். கோயம்புத்தூரிலிருந்து மாமனார் ராத்திரி பத்து மணிக்கு, "மாப்பிள்ளை, ஓடிபி வந்திருக்குமே, பார்த்துச் சொல்லுங்க" என்பார். ஆபீஸ் மீட்டிங்கில் இருக்கும்போது தங்கையின் குரல்: "அண்ணா, ரெண்டு நாளா விஜய் டிவி வரல. என்னன்னு பாரு."

ரெண்டு நாளா வரல, என்னன்னு பாரு. இந்த வசனத்தைப் பத்து வருஷமாக யாரிடம் சொல்லிக்கொண்டிருந்தோம் என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. வயரை வெட்டியவர், நான்கு ஊருக்குக் கேபிள்காரராக ஆகியிருந்தார். மாசா மாசம் வசூல் மட்டும் கிடையாது.

போன வாரம் அவர் வீட்டுப் பக்கம் துளைபோடும் மெஷின் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். அதே கேபிள் தம்பி. இப்போது அவன் பிராட்பேண்டும் போடுகிறான். பழைய இணைப்பு அடிக்கடி சுற்றிக்கொண்டே நிற்கிறதென்று வீட்டம்மாதான் வரச்சொல்லியிருக்கிறார். ஜன்னலுக்குப் பக்கத்தில் புதிதாகத் துளை போடப் பார்த்து, கான்கிரீட் இடித்ததால், பழைய ஓட்டையில் இருந்த துணியைப் பிடுங்கிவிட்டு அதன் வழியே கண்ணாடி இழை வயரை நுழைத்துக்கொண்டிருந்தான்.

"இந்த பிளான்ல டிவி சானலும் சேர்ந்து வருது சார். எல்லாச் சானலும் ஒரே இடத்துல. தனி ரிமோட், நம்பர் அடிக்கலாம்" என்றான்.

கூடத்திலிருந்து பாட்டி, "நம்பரா?" என்று எழுந்து வந்தார்.

துறவி அலமாரியிலிருந்து நோட்டை எடுத்து வந்தார். புதுப் பக்கம் புரட்டி, ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டார். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, ரொம்பக் கறாராக, "வேணாம்னா எப்ப வேணும்னாலும் கட் பண்ணிக்கலாமா?" என்றார்.

தம்பி வயரை இழுத்துக்கொண்டே சொன்னான்: "போன தடவை பண்ணலையா சார்? கம்பியில சுருட்டி மாட்டினது இன்னும் அப்படியே இருக்கு பாருங்க."