மூட்டை சொல்வதை முன்சக்கரம் கேட்கும்

கேள்வி: ஃபோர்க் நன்றாக முன்னால் வளைந்திருந்தால் சைக்கிள் ஆடாமல் போகும் என்கிறார் கடைக்காரர். மூட்டையோடு போடிமெட்டு ஏறப்போகிறேன். அப்படியொரு ஃபோர்க் வாங்கட்டுமா?
– போடிநாயக்கனூர் வாசகர்

பதில்: கடைக்காரர் தலைகீழாகச் சொல்லிவிட்டார். ஹேண்டில் திரும்புகிற அச்சை, அந்தச் சாய்வு மாறாமல், தரை வரை ஒரு கோடாக நீட்டிப் பாருங்கள். கோடு முட்டும் இடத்துக்குக் கொஞ்சம் பின்னால்தான் டயர் தரையைத் தொடும். அந்த இடைவெளிக்கு டிரெயில் என்று பெயர். டயர் இப்படிப் பின்னால் இழுபட்டு வருவதால் சக்கரம் நேராக நிற்கப் பார்க்கும். ஃபோர்க் வளைவைக் கூட்டினால் டயர் முன்னே தள்ளிப்போகும், டிரெயில் குறையும், ஹேண்டில் லேசாகும். 700சி சக்கரம், 37 மி.மீ. டயர், 72 டிகிரி சாய்வு என்று வைத்துக்கொண்டால், 45 மி.மீ. வளைவுக்கு டிரெயில் சுமார் 66 மி.மீ. வளைவை 65 ஆக்கினால் டிரெயில் 45-க்கு இறங்கிவிடும். சாய்வு ஒரு டிகிரி மாறினாலே 6 மி.மீ. மாறும்.

மூட்டையை முன்னால் கட்டுவீர்களா, பின்னாலா? அதை முடிவு செய்யாமல் ஃபோர்க் வாங்குவது, மாப்பிள்ளையைப் பார்க்காமல் சட்டை தைக்கிற கதை.

கேள்வி: என் சைக்கிளுக்கு டிரெயில் அதிகம். முன்னால் இரண்டு பை. சமதளத்தில் அருமை. மூணாறு ஏற்றத்தில் மட்டும் குடித்தவன் மாதிரி அலைகிறதே?
– தேவிகுளம் வாசகி

பதில்: ஏற்றத்தில் மணிக்கு ஆறேழு கிலோமீட்டர்தான் போவீர்கள். அப்போதுதான் டிரெயிலின் இன்னொரு குணம் தெரியும். அச்சு சாய்ந்திருப்பதால், ஹேண்டிலைத் திருப்பினால் சைக்கிளின் முன்பகுதி ஒரு நூல் கீழே இறங்கும். இறங்க வழி கிடைத்தால் எடை விடுமா? திரும்பின பக்கமே இன்னும் இழுக்கும். டிரெயில் கூடினாலும் முன்சுமை கூடினாலும் இந்த இழுப்பு கூடும். முன்னால் பை கட்டி நெடுந்தூரம் போகிற பழைய பிரெஞ்சு சைக்கிள்களில் ஃபோர்க்கை நன்றாக வளைத்து, டிரெயிலை 30, 40 மி.மீ. அளவில் வைத்தது இதனால்தான். பின்னால் சுமப்பவருக்கு 60-ஐ ஒட்டி இருந்தால் பழுதில்லை. உங்களுக்கு இரண்டு வழி: ஃபோர்க்கை மாற்றலாம், அல்லது முன் பையில் பாதியைப் பின்னால் கொண்டுபோகலாம். இரண்டாவது இலவசம்.

கேள்வி: மறையூரில் பத்து கிலோ வெல்லம் வாங்கி, சின்னார் வழியாக இறங்குகிறேன். எங்கே கட்டுவது?
– உடுமலைப்பேட்டை வாசகர்

பதில்: 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு, மரியாதையாகக் கட்டுங்கள். இடம் ஐந்து, வலம் ஐந்து, முடிந்தவரை தாழ்வாக. நம் பால்காரர்கள் கேன்களைப் பின்சக்கரத்தின் இருபுறமும் தொங்கவிடுவதைப் பார்த்திருப்பீர்களே, அதேதான். முன்னால் கட்டுவதானால் ஹப் உயரத்தில், ஃபோர்க்கை ஒட்டி. ஹேண்டிலில் மட்டும் தொங்கவிடாதீர்கள். சின்னாரில் யானை குறுக்கே நின்றால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. நீங்களும் நின்றுவிடுங்கள்.

கேள்வி: தாத்தாவின் ஹெர்குலிஸ் நெல் மூட்டையோடு நேராகப் போகும். என் புது சைக்கிள் இரண்டு பைக்கே ஆடுகிறது. காலம் கெட்டுவிட்டதா?
– கொழிஞ்சாம்பாறை வாசகர்

பதில்: காலத்தின் மேல் பழி வேண்டாம். 1949-இல் சென்னையில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் செய்த அந்த ஹெர்குலிஸ், அசல் பிரிட்டிஷ் ரோட்ஸ்டர் வார்ப்பு. ஹெட் குழாய் நன்றாகச் சாய்ந்திருக்கும், சக்கரம் பெரிது, இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே தாராளமான இடைவெளி. உங்களுடையது பந்தய சைக்கிளுக்கு உறவாக இருக்கும். தவிர, தாத்தா அதில் 45 கி.மீ. வேகத்தில் மலை இறங்கியிருக்கமாட்டார்.

கேள்வி: சக்கரம் சுற்றுவதால்தானே சைக்கிள் விழாமல் நிற்கிறது?
– பாலக்காடு மாணவர்

பதில்: 1970-இல் டேவிட் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேயர், எதிர்த்திசையில் சுற்றும் கூடுதல் சக்கரம் ஒன்றை மாட்டி, சக்கரம் சுற்றுவதால் வரும் சுழல் விசையை ரத்து செய்துவிட்டு ஓட்டிப் பார்த்தார். ஓட்ட முடிந்தது. ஆகவே டிரெயில்தான் காரணம் என்றார்கள். 2011-இல் கார்னெல், டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தார் சுழல் விசையும் இல்லாமல், டிரெயிலையும் சுழியத்துக்குச் சற்றுக் கீழே வைத்து ஒரு வண்டி செய்தார்கள். ஆள் இல்லாமலே அது விழாமல் உருண்டது. முன்பகுதியின் எடையைத் தாழ்வாகவும் ஹேண்டில் அச்சுக்கு முன்னாலும் வைத்திருந்தார்கள். எடை எங்கே இருக்கிறது என்பதற்கு அவ்வளவு செல்வாக்கு.

கேள்வி: கம்பம்மெட்டு இறக்கத்தில் ஹேண்டில் படபடவென்று நடுங்கியது. பயந்துவிட்டேன்.
– கம்பம் வாசகி

பதில்: பயந்ததில் தப்பில்லை. அடுத்த முறை ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காதீர்கள். முழங்காலால் பார் கம்பியை அணைத்து, சீட்டில் எடையைக் குறைத்து, பிரேக்கை மெதுவாகப் பிடியுங்கள். வீட்டுக்கு வந்ததும் முன் பிரேக்கை அழுத்திக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ‘டொக்’ என்று கேட்டால் ஹெட்செட் தளர்ந்திருக்கிறது. அது சரியென்றால் கேரியரைப் பிடித்துப் பக்கவாட்டில் அசையுங்கள். லொடலொடக்கும் கேரியரும், பின்னால் உயரமாகக் குவிந்த சுமையும் சேர்ந்தால் எந்த ஃபோர்க்கும் நடுங்கும்.

கேள்வி: ஆடி மாதக் கணவாய்க் காற்றில் எந்த ஃபோர்க் நல்லது?
– வாளையார் வாசகர்

பதில்: பாலக்காட்டிலிருந்து கோவைக்குப் போனால் எதுவும் நல்லது, காற்றே தள்ளும். திரும்பி வர ரயில் இருக்கிறது.

கேள்வி: சஸ்பென்ஷன் ஃபோர்க்?
– குமுளி வாசகர்

பதில்: பிரேக் பிடித்ததும் அமுங்கும், சாய்வு நிமிரும், டிரெயில் குறையும், அதுவும் வளைவின் நடுவே. லாக் இருந்தால் போட்டுவிடுங்கள்.

கேள்வி: மோதியதில் ஃபோர்க் பின்னால் வளைந்துவிட்டது. தட்டி நிமிர்த்தலாமா?
– சித்தூர் வாசகர்

பதில்: அலுமினியம், கார்பன் என்றால் பேச்சே இல்லை, தூக்கிப் போடுங்கள். எஃகை நிமிர்த்துவார்கள்தான். ஆனால் பெயின்ட் சுருங்கியோ விரிசல் விட்டோ இருந்தால் அதுவும் ஆகாது. போடிமெட்டு இறக்கத்தில் 17 கொண்டை ஊசி வளைவுகள், பின்னால் மூட்டை வேறு. புதிது வாங்கிவிடுங்கள்.