அதுலருந்தா ஆரம்பிச்சீங்க?

போன ஞாயிறு என் மைத்துனன் மகன் திருவொற்றியூருக்கு வந்தான். ஓ.எம்.ஆரில் வேலை. வஞ்சிரக் குழம்பை ஒரு பிடி பிடித்துவிட்டு, “ரிட்டயர் ஆயிட்டீங்க மாமா, இனிமே ஜாஸ் கேளுங்க” என்றான். ஆசையாகத்தான் இருந்தது. உடனே போனைத் தடவி, கையில் அகப்பட்ட ஒரு சாக்ஸபோனைப் போட்டேன். பையன் முகம் சுண்டிவிட்டது. “ஐயோ, அதுலருந்தா ஆரம்பிச்சீங்க?”

இந்தக் கேள்வியை நீங்களும் வாங்கியிருப்பீர்கள். கேட்டும் இருப்பீர்கள், மறைக்காதீர்கள். ராத்திரிக்குள் வாட்ஸ்அப்பில் பட்டியல் வந்துவிட்டது. ஜாஸுக்கு மைல்ஸ் டேவிஸின் 1959 ஆல்பம் ‘கைண்ட் ஆஃப் புளூ’. ஆபராவுக்கு ‘கார்மென்’. காமிக்ஸுக்கு ஏழு, பழைய படத்துக்குப் பன்னிரண்டு. மூன்றை முடிக்காமல் நாலைத் தொடக் கூடாதாம். என் சுகர் மாத்திரைக்குக்கூட டாக்டர் இத்தனை கண்டிஷன் போட்டதில்லை. 

காமிக்ஸை நான் ஆரம்பித்தது ராயபுரத்தில், ஒரு சலூன் பெஞ்சில். 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் கொண்டுவந்த முதல் புத்தகம், ‘இரும்புக்கை மாயாவி’. எனக்குக் கிடைத்த பிரதியில் அட்டை இல்லை, முதல் எட்டுப் பக்கம் இல்லை, கடைசி நாலு பக்கத்தில் யாரோ பிளேடு துடைத்திருந்தார்கள். ஆக, எனக்கு மாயாவி நடுவில் பிறந்து நடுவிலேயே நின்றவர். உடம்பில் கரண்ட் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார், இரும்புக்கை மட்டும் தெரியும். அந்தரத்தில் ஒரு கை மிதந்து வருகிறது. அதன் மேல் ஒரு துண்டைப் போட்டு மூட எந்த வில்லனுக்கும் தோன்றவில்லை. அதைவிட எனக்குக் கவலை, கரண்ட். அவசரத்துக்கு மறைய வேண்டுமென்றால் மனுஷன் ப்ளக் பாயின்ட் தேட வேண்டும். சென்ட்ரல் ஸ்டேஷனில் சார்ஜர் ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு தூண் தூணாகச் சுற்றுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம், இவர்களில் யார் மாயாவி என்றுதான் யோசிக்கிறேன். எண்ணூரில் அனல் மின் நிலையம் 1970-லேயே வந்துவிட்டது, அவருக்கு இரண்டு வருஷம் முன்னால்; இங்கேயே வாடகைக்கு வீடு பார்த்திருக்கலாம். ஐப்பசி மழையில் எங்கள் தெரு பில்லர் பாக்ஸைச் சுற்றி முழங்கால் தண்ணீர் நிற்கும். நாங்களெல்லாம் குடையோடு எதிர்ச் சுவரை ஒட்டிப் போவோம். அவர் மட்டும் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு குஷியாக அதை நோக்கி நடப்பார். வில்லனைத் துரத்தும் நேரம் பார்த்து கரண்ட் போனால்? பாதி மறைந்த நிலையில், மீட்டர் பெட்டி பக்கத்தில் உட்கார்ந்து, எங்களைப் போலவே பனை விசிறியால் விசிறிக்கொண்டு... சரி, விடுங்கள். ஐம்பது வருஷமாக இப்படித்தான், நிறுத்த முடியவில்லை. முதல் எட்டுப் பக்கம் கிடைத்திருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும்.

பழைய படம்? ‘ஹரிதாஸ்’ 1944 தீபாவளிக்கு பிராட்வே தியேட்டரில் வந்து மூன்று தீபாவளி பார்த்தது. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் அதன் கதாநாயகன் பாகவதர் சிறைக்குப் போன பிறகும் ஓடியது. எங்கள் ஆயா போனது இடைவேளைக்கு அப்புறம். பின்பாதியை முதலில் பார்த்து, அடுத்த ஆட்டத்தில் முன்பாதியைப் பார்த்து, “கெட்டவனா ஆயிட்டான்டா பாவி” என்று அழுதுகொண்டே திரும்பினாள்.

ஆபராவுக்கு கார்மென் வரை ஏன் போக வேண்டும்? தியாகையரே ‘நௌகா சரித்திரம்’ எழுதியிருக்கிறார்; கண்ணனும் கோபியரும் போகும் ஓடத்தில் ஓட்டை விழுந்து தண்ணீர் ஏறும் கதை. காசிமேட்டில் சொன்னேன். “ஓட்ட போட்ட எவன்யா தண்ணில எறக்குனது?” என்பதோடு விமர்சனம் முடிந்தது. அவரே சீடர் வீணை குப்பையர் அழைக்க திருவொற்றியூர் வந்து, வடிவுடையம்மன் மேல் ஐந்து கிருதி பாடினார். முதலில் கல்யாணியா பேகடாவா என்று அவருக்கு யாரும் எண் போட்டுக் கொடுக்கவில்லை. எனக்குப் பேகடா அறிமுகமானது அந்தக் கோயிலில், புளியோதரை வரிசையில், நாகஸ்வரத்தில். பெயர் தெரிய இருபது வருஷம் ஆயிற்று. புளியோதரை அன்றைக்கே கிடைத்தது.

பட்டியலுக்கும் மரியாதை கொடுக்க வேண்டுமே, நேற்று ராத்திரி ‘கைண்ட் ஆஃப் புளூ’ போட்டேன். பியானோவும் பேஸும் மெள்ளப் பேசிக்கொள்கின்றன. திடீரென்று நீளமாக, அடிவயிற்றிலிருந்து ஒரு முழக்கம். சிலிர்த்துவிட்டது. உடனே பையனுக்கு போன் போட்டு, “ட்ரம்பெட்னா இதுடா” என்றேன்.

“எந்த இடத்துல மாமா?”

“ஆரம்பத்துலயே. அரை நிமிஷத்துல.”

“அங்க ட்ரம்பெட்டே கிடையாதே.”

ஜன்னலை எட்டிப் பார்த்தேன். துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. முன்னால் நின்றவன் மறுபடி ஹார்னில் கையை வைத்தான்.

“ஜன்னல சாத்திட்டு,” என்றான் பையன், “முதல்லருந்து கேளுங்க.”