கடல் மட்டம்

ஆம்பூருக்கும் சமுத்திரத்துக்கும் நடுவே ஏறத்தாழ 190 கிலோமீட்டர் தூரத்தையும் 300 மீட்டர் உயரத்தையும் ஆண்டவன் வைத்திருப்பது ஏதோ காரியார்த்தமாகத்தான் என்று உணர்ந்து அடங்கியிருக்க வேண்டிய நான், கணக்கு வாத்தியார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, சென்னைக் கொளத்தூருக்குப் போய் 40 லிட்டர் கொள்ளும் கண்ணாடித் தொட்டி ஒன்றும் கடலுப்புப் பொட்டலங்கள் சிலவும் வாங்கி வந்து, தொட்டி பக்குவப்பட்ட பிறகு மறுபடியும் ரயிலேறி, குழந்தைகள் ‘நீமோ’ என்று கூப்பிடும் ஆரஞ்சு வர்ண மீன்கள் இரண்டைக் கொண்டுவந்து கூடத்தில் குடியேற்றினேன்.

பிறகு அக்கினி நட்சத்திரம் பிறந்தது. மின்விசிறிக்கு நேர் கீழே இருந்த என் சமுத்திரம் நாளொன்றுக்கு ஒரு லிட்டர் வீதம் வற்றியது. வற்றுவது கடல்நீர்; ஆகையால் ஊற்ற வேண்டியதும் கடல்நீரே என்று தர்க்க சாஸ்திரத்துக்குச் சற்றும் பழுதில்லாமல் தீர்மானித்து, தினந்தோறும் காலையில் 35 கிராம் உப்பைத் தராசில் நிறுத்து, ஒரு லிட்டர் நீரில் கரைத்து, அபிஷேகம் செய்பவனுடைய சிரத்தையோடு ஊற்றி வந்தேன். பத்தாம் நாள் மீன்கள் இரண்டும் ஒரு மூலையில் ஒதுங்கி, வேகமாகச் செவுளடித்துக்கொண்டு, தீனியைத் திரும்பியும் பார்க்கவில்லை.

அடுத்த வீட்டு பாய் டேனரியில் தோல் ஊறவைக்கும் பகுதியில் மேஸ்திரி. விஷயத்தைக் கேட்டவர் சிரிக்கக்கூட இல்லை. அதுதான் எனக்கு அதிக அவமானமாயிருந்தது.

“சார், தண்ணிதானே ஆவியா போவுது? உப்பு எங்க சார் போவும்? எங்க டேனரிக்கு வந்து பாருங்க, மலையா குவிஞ்சு கெடக்கு.”

அழுகாமலிருக்க உப்பிட்ட தோல்களை ஊறவைத்துக் கழுவிய நீரை, அகன்ற சிமெண்டுப் பாத்திகளில் வெயிலுக்கு விட்டுவிடுவார்கள். வானம் நீரை மட்டும் எடுத்துக்கொண்டு உப்பைத் தொடாமல் திருப்பிவிடும். அந்த உப்பு சமையலுக்கும் ஆகாது, எறியவும் இடமில்லை. மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்துவிட்டு மழையைப் பார்த்துப் பயப்படுவார்கள். ஊருக்கே தெரிந்த இந்தக் கணக்கை, முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் வீட்டுக்கு வந்து விளக்க வேண்டியிருந்தது. அன்றிரவு போட்டுப் பார்த்தேன்: 1,400 கிராம் உப்பு இருக்க வேண்டிய தொட்டியில் 1,750 கிராம், லிட்டருக்கு 35 கிராம் ஏறத்தாழ 44 ஆகியிருந்தது.

“ஏங்க, கொழம்பு சுண்டினா உப்பையா போடுவோம்? வெந்நீர்தானே ஊத்துவோம்?” என்றாள் என் மனைவி, ரசத்தைக் கலக்கியபடியே.

ஆக, ஊற்ற வேண்டியது நல்ல தண்ணீர். அதற்குத்தான் எங்களூரில் பஞ்சம். பாலாற்றில் மணல் உண்டு. ஆழ்துளைக் கிணற்றில் நீர் உண்டு. ஆனால் அந்த நீரே பாதிச் சமுத்திரம். டேனரிக் கழிவு ஆற்றையும் நிலத்தடி நீரையும் பாழாக்கியதென்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசு செய்தவனே ஈடு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. அந்த நியாயப்படி அந்த மீன்களுக்கு நானும் நஷ்டஈடு தர வேண்டியவனே. தினமும் கொஞ்சம் கடல்நீரை மொண்டெடுத்து, அந்த அளவுக்கு நல்ல நீரை விட்டு, ஒரு வாரத்தில் நிதானமாக உப்பை இறக்கினேன். அவசரப்பட்டு இறக்கினால் மீனுக்கு அதுவும் விபரீதம். மீன்கள் தீனிக்கு வந்தன.

இப்போது 20 லிட்டர் கேன் தண்ணீரில் முதல் சொம்பு அவற்றுக்கு, மிச்சம்தான் எங்களுக்கு. நீர்மட்டம் தெரிய மனைவியின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றைக் கண்ணாடியில் ஒட்டினேன். நீர் அதற்குக் கீழே இறங்கினால், அது வரைக்கும் நல்ல நீர், உப்பு ஒரு சிட்டிகையும் கூடாது. இந்த ஏற்பாடு போன ஞாயிற்றுக்கிழமை வரை அப்பழுக்கில்லாமல் நடந்தது. அன்று பேத்தி வந்திருந்தாள். சாயங்காலம் சொம்போடு தொட்டியின் முன் நின்று பார்க்கிறேன்: கண்ணாடி துடைத்துவிட்டாற்போலிருக்கிறது, எங்கள் வீட்டுக் கடல் மட்டம் பேத்தியின் நெற்றியில், புருவங்களுக்கு நடுவே, சிவப்பாக இருக்கிறது.