சாண் விரிசல் முழமாகும்

கேள்வி: லாரி டயரில் சிக்கிய கல் தெறித்து, காரின் முன்கண்ணாடியில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். அப்படியே ஓட்டினால் போலீஸ் பிடிக்குமா?

பதில்: போலீஸுக்கு முன்னால் எதிர்வெயில் பிடித்துவிடும்! மாலையில் மேற்குப் பார்த்துப் போகும்போது விரிசல் முழுக்க வெளிச்சக் கோடாக மின்னும். குறுக்கே வரும் சைக்கிள் தெரியாது.

சட்டமும் சும்மா விடாது. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 190-ஆவது பிரிவைப் பாருங்கள். ஆபத்தான குறை இருப்பது தெரிந்தே வண்டியைச் சாலைக்குக் கொண்டுவந்தால் அபராதம். அந்தக் குறையால் விபத்து நடந்து யாருக்காவது அடிபட்டால் 3 மாதம் வரை சிறையும் கிடைக்கலாம்.

முன்கண்ணாடி காற்றை மறைக்க மட்டும் வைத்ததல்ல. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருக்கிறது. அதனால்தான் உடைந்தாலும் சில்லுகள் முகத்தில் பாய்வதில்லை. பல கார்களில் முன்சீட்டுப் பயணியின் ஏர்பேக் விரியும்போது முட்டுக்கொடுப்பதும் இதே கண்ணாடிதான். அந்த சீட்டில் உங்கள் அம்மா உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

மிளகளவு பொட்டு என்றால் ரெசின் ஏற்றிச் சரிசெய்யலாம். அதுவரை தூசியும் தண்ணீரும் புகாமல் டேப் ஒட்டிவைக்கலாம். உங்களுடையது சாண் நீளம், மாற்றத்தான் வேண்டும். வெயிலில் கொதித்த கண்ணாடிமேல் ஏ.சி.யை முழு வேகத்தில் வைத்தால் சாண் முழமாகிவிடும். காம்ப்ரிஹென்சிவ் இன்ஷூரன்ஸ் இருந்தால் க்ளெய்ம் கேளுங்கள். புதுக் கண்ணாடி போட்டபின், பசை இறுகும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.