கோப்பைக்கு மறுவருஷம்

(கேள்வி – பதில்: இந்த வாரம் கால்பந்து)

கே: அமெரிக்காவில் படிக்கும் என் அண்ணன் மகன், அவன் கல்லூரி ஃபுட்பால் டீமின் கதையை வருஷவாரியாக ஒப்பிக்கிறான். நம் ஊர்க் கல்லூரிகளுக்கு அப்படி ஏன் இல்லை?
– ஒரு சித்தப்பா, டிரஸ்ட்புரம்

ப: முதலில், அவன் சொல்வது நம்ம ஃபுட்பால் இல்லை. பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற சமாசாரம். 1869 நவம்பர் 6-ல் ரட்கர்ஸ் கல்லூரி, பிரின்ஸ்டனை 6–4 என்று ஜெயித்ததிலிருந்து அங்கே கணக்கு வைத்திருக்கிறார்கள். பக்கத்துக்கு 25 பேர் ஆடிய அந்த முதல் ஆட்டத்தில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது என்பதுதான் விதி! இன்றைக்கு மிச்சிகன் பல்கலைக்கழக ஸ்டேடியத்தில் மட்டும் 1,07,601 பேர் உட்காரலாம்.

இங்கே பையன் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கல்லூரிக்குள் வருவான், நன்றாக ஆடுவான், இந்தியன் வங்கியோ ஐசிஎஃப்போ சதர்ன் ரயில்வேயோ கூப்பிட்டதும் போய்விடுவான். வீட்டுக்கு அதுதான் கோப்பை. அவன் போட்ட கோல்களைக் கல்லூரி மறந்துவிடும். சர்வீஸ் ரிஜிஸ்டர் மறக்காது. அண்ணன் மகனுக்குப் பதிலுக்கு ஒப்பிக்க ஏதாவது வேண்டுமென்றால், இந்தியன் சூப்பர் லீகில் (ஐஎஸ்எல்) ஆடுகிற, 2014-ல் பிறந்த சென்னையின் எஃப்சி இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு வருஷக் கதைதான். ஆனால் ஏற்ற இறக்கத்தில் 150 வருஷக் கதைக்குக் குறைச்சல் இல்லை.

கே: அந்தக் கதையைக் கோடம்பாக்கத்தில் ரயில் ஏறி பார்க் ஸ்டேஷனில் இறங்குவதற்குள் சொல்ல முடியுமா?
– கல்லூரி மாணவி, சூளைமேடு

ப: ஜன்னல் சீட் கிடைத்ததா? சரி. நுங்கம்பாக்கம் வருவதற்குள் முதல் மூன்று சீசன்: 2014-ல் லீகில் முதலிடம், 2015-ல் சாம்பியன், 2016-ல் எட்டு அணிகளில் ஏழாவது. சேத்துப்பட்டுக்குள் அடுத்த இரண்டு: 2017–18-ல் மறுபடி சாம்பியன், 2018–19-ல் பத்து அணிகளில் பத்தாவது. எழும்பூருக்குள் ஒன்றே ஒன்று: 2019–20, ஃபைனலில் தோல்வி. எழும்பூருக்கும் பார்க்குக்கும் நடுவில் தூங்கிக்கொள்ளலாம். 2020–21, 2021–22, 2022–23 மூன்றிலும் எட்டாவது இடம். இறங்கி நேரு ஸ்டேடியத்துக்கு நடக்கும்போது மிச்சம்: 2023–24-ல் ஆறாவதாக வந்து பிளே-ஆஃபில் கோவாவிடம் தோல்வி, 2024–25-ல் பதின்மூன்று அணிகளில் பதினொன்றாவது.

கே: முதலிடம் வந்த வருஷம் கோப்பை இல்லை, ஆனால் வேறு வருஷங்களில் இருக்கிறது. இது என்ன கணக்கு?
– ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர், மேற்கு மாம்பலம்

ப: ஐஎஸ்எல் கணக்கு, ஐயா. அந்த வருஷங்களில் லீகில் முதல் நான்கு இடம் பிடித்தவர்கள் அரையிறுதிக்குப் போனார்கள். அங்கே எல்லாரும் பூஜ்யத்திலிருந்து. 2014-ல் சென்னை லீகின் உச்சியில் நின்றது. எலானோ 8 கோல் போட்டு அந்த சீசனின் முதல் கோல் வேட்டைக்காரர். அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் கொச்சியில் கேரளா 3–0 என்று சாத்தியது. திரும்பி இங்கே வந்து 90 நிமிஷத்தில் அந்த மூன்றையும் நாம் வட்டியில்லாமல் திருப்பிக் கொடுத்தோம். கூடுதல் நேரம் முடியப் போகிற வேளையில் ஸ்டீஃபன் பியர்சன் ஒன்று போட, கேரளா 4–3 என்ற மொத்தக் கணக்கில் ஃபைனலுக்குப் போனது.

கோப்பை வென்ற வருஷங்களில் லீகில் நாம் மூன்றாவது (2015), இரண்டாவது (2017–18). முதலிடத்துக்கே தனியாக ஒரு கேடயம் தர ஆரம்பித்தது 2019–20-ல்தான். சென்னை முதலிடம் வந்தது அதற்கு ஐந்து வருஷம் முன்னால். அரியர்ஸ் கேட்டால் தரமாட்டார்கள், விசாரித்தாயிற்று.

கே: இந்தக் கதையில் நல்ல கிளைமாக்ஸ் எது சார்? தயாரிப்பாளர் ஒருவர் ஸ்போர்ட்ஸ் படம் தேடுகிறார்.
– உதவி இயக்குநர், சாலிகிராமம்

ப: 2015. ஆனால் கதை சொல்லும்போது ‘நிஜமாக நடந்தது’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், லாஜிக் இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார். லீக் முடிய நான்கு ஆட்டம் இருக்கும்போது சென்னை கடைசி இடம். நான்கையும் ஜெயித்து மூன்றாவதாக ஏறியது. அப்போது பார்த்து ஊரில் டிசம்பர் வெள்ளம். அரையிறுதியின் சொந்த ஊர் ஆட்டத்தைப் புனேவுக்கு மாற்றினார்கள். வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த ஊரின் அணி, அடுத்தவர் ஊரில் கொல்கத்தாவை 3–0 ஜெயித்தது.

டிசம்பர் 20, ஃபைனல், கோவாவின் ஃபடோர்டா ஸ்டேடியம், எதிரே கோவாவே. 87-வது நிமிஷத்தில் கோவா 2–1 முன்னிலை. 90-ல் கோவாவின் கோல்கீப்பர் கட்டிமணி பந்தைத் தன் வலைக்குள்ளேயே தள்ளிவிட்டார். 92-ல் மெண்டோசா அடித்தது மூன்றாவது கோல். அந்த சீசனில் அவருக்கு அது 13-வது. கோச் யார் தெரியுமா? 2006 உலகக் கோப்பை ஃபைனலில் ஜிடேன் தலையால் முட்டினாரே, அந்த முட்டை வாங்கிக்கொண்ட மார்க்கோ மாட்டராஸி.

கே: கோப்பை வாங்கிய மறுவருஷமே சறுக்குகிறார்களே, கண் திருஷ்டியா?
– பூக்கடைக்காரர், வடபழனி

ப: பூசணிக்காய் உடைத்துச் சரியாகிற விஷயமாக இருந்தால் நேரு ஸ்டேடிய வாசலில் இந்நேரம் நடக்க இடம் இருக்காது. பட்டியலைப் பாருங்கள்: 2015-ல் கோப்பை, அடுத்து ஏழாவது. 2018-ல் கோப்பை, அடுத்து கடைசி. 2020-ல் ஃபைனல், அடுத்து எட்டாவது. மூன்று தடவையும் ஒரே மாதிரி விழுந்தால் அது திருஷ்டி இல்லை, பழக்கம்.

காரணம் காகிதத்தில் இருக்கிறது. ஆரம்ப வருஷங்களில் ஐஎஸ்எல் இரண்டரை மாசத் திருவிழா. வெளிநாட்டு ஆட்டக்காரருக்கு ஒப்பந்தமும் அந்த அளவுதான். 2016-ல் எலானோவும் இல்லை, மெண்டோசாவும் இல்லை. இன்னும் உங்கள் பேட்டைப் பாஷையில் சொன்னால், வெள்ளிவிழா கொண்டாடிய மறுநாளே யூனிட்டைக் கலைத்துவிட்டு, ‘அதே மாதிரி ஒரு ஹிட் கொடுங்க’ என்று புது ஆட்களிடம் கேட்கிற தயாரிப்பாளரின் கதை இது.

2018 கொஞ்சம் வேறு. ஆட்கள் நிறையப் பேர் இருந்தார்கள், ஆட்டம்தான் இல்லை. முந்தின சீசனில் 9 கோல் போட்ட ஜேஜே அந்த லீகில் ஒன்றே ஒன்று போட்டார். 18 ஆட்டத்தில் 2 வெற்றி, 9 புள்ளி. முன்வரிசையில் ஒருவர் வாடினால் உள்ளே இறக்க இன்னொருவர் தயாராக இல்லாததும் அதே வியாதியின் இன்னொரு முகம்தான்.

கே: தோற்றால் கோச்சை மாற்றுகிறார்கள். பலன் உண்டா?
– யுனைடெட் இந்தியா காலனி வாசி, கோடம்பாக்கம்

ப: ஒரு தடவை உண்டு. 2018 மார்ச் 17-ல் பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியத்தில் நடந்த ஃபைனலில், லீகில் நம்மைவிட எட்டுப் புள்ளி அதிகம் வாங்கிய பெங்களூருவை அவர்கள் ஊரிலேயே 3–2 தோற்கடிக்க வைத்தவர் ஜான் கிரிகரி. அன்றைக்கு மைல்சன் ஆல்வஸ் கார்னரிலிருந்து தலையால் இரண்டு போட்டார். அதே கிரிகரி 2019 நவம்பரில், ஆறு ஆட்டத்தில் ஒரே வெற்றியோடு கிளம்பினார். வந்த ஓவன் காயில் அதே ஆட்களை வைத்து அணியை ஃபைனல் வரை தூக்கிக்கொண்டு போனார். 15 கோல் போட்டவர் லிதுவேனியாவின் வால்ஸ்கிஸ். ஃபைனல் 2020 மார்ச் 14. கொரோனா பயத்தில் ஸ்டேடியத்தில் ரசிகர் ஒருவர்கூட இல்லை, கொல்கத்தாவின் ஏடிகேவிடம் 1–3.

இங்கே ஒரு புத்திசாலி என்ன செய்திருப்பார்? காயிலையும் வால்ஸ்கிஸையும் கையைப் பிடித்து உட்கார வைத்திருப்பார். இருவரும் ஜாம்ஷெட்பூர் போனார்கள். 2021–22-ல் காயில் ஜாம்ஷெட்பூருக்கு லீக் கேடயம் வாங்கித் தந்தார். நாம் அந்த மூன்று வருஷத்தில் லாஸ்லோ, பாண்டோவிச், பிர்டாரிச் என்று மூன்று பேரை வைத்துப் பார்த்தோம்; நடுவில் பாண்டோவிச் போனதும் நம்ம சபீர் பாஷா பொறுப்பேற்றார். பலன், மூன்று எட்டு. 2023-ல் காயிலையே திரும்ப அழைத்தோம்.

கே: நம்ம ஊர்ப் பையன் யாராவது ஜெயித்துக் கொடுத்திருக்கிறானா?
– ஆட்டோ ஓட்டுநர், அசோக் நகர்

ப: தனபால் கணேஷ், வியாசர்பாடி. 2018 அரையிறுதியில் கோவாவை இங்கே 3–0 வென்றோமே, ஜேஜே இரண்டு, நடுவில் ஒன்று கணேஷுடையது. அடுத்த சீசனில் முழங்கால் காயம் அவரை வெகுநாள் வெளியே உட்கார வைத்தது. அணி கடைசி இடத்துக்குப் போன சீசனும் அதுவே. வடசென்னையின் குறுகிய தெருக்களில் பந்து பழகிய பையன்கள் இன்னும் நிறைய இருக்கிறார்கள். வேற்றூர் நட்சத்திரம் ஒப்பந்தம் முடிந்தால் விமானம் ஏறுவார். இவர்களுக்கு வீடே இங்கே. மறுவருஷமும் இருக்கக்கூடிய ஆளை வளர்ப்பது எவ்வளவு மலிவு என்று யாராவது கணக்குப் போட்டுக் காட்டினால் தேவலை.

கே: சென்னை சாம்பியன் ஆனபோது கோயம்புத்தூரில் கொண்டாடினோம். அதை ஏன் சொல்லவில்லை?
– ஒரு வாசகர், பீளமேடு

ப: அது சென்னை சிட்டி எஃப்சி. பேரில் சென்னை, ஆட்டம் உங்கள் நேரு ஸ்டேடியத்தில். 2018–19-ல், இன்னொரு தேசிய லீகான ஐ-லீகில் ஈஸ்ட் பெங்காலை ஒரே புள்ளியில் முந்தி (43–42) சாம்பியன். பெட்ரோ மான்சி 21 கோல். வேடிக்கையைப் பாருங்கள்: அதே சீசனில்தான் சென்னையில் ஆடிய சென்னை ஐஎஸ்எல்லில் கடைசி, கோவையில் ஆடிய சென்னை ஐ-லீகில் முதல். ஸ்விட்சர்லாந்தின் பாசல் கிளப்கூட வந்து பங்கு வாங்கியது. என்ன பிரயோசனம்? 2021-க்குப் பிறகு தேசிய லீகில் அந்தப் பெயரே இல்லை. மறுவருஷ வியாதி ஒரு கிளப்போடு நிற்கவில்லை.

கே: ‘பிகில்’ படம் மாதிரி நம்ம ஊர்ப் பெண்கள் அணி ஜெயிப்பது நிஜத்தில் நடக்குமா?
– டப்பிங் கலைஞர், ரங்கராஜபுரம்

ப: நடந்துவிட்டது. மதுரையின் சேது எஃப்சி பெண்கள் 2019 மே மாதம் இந்திய மகளிர் லீகை வென்றார்கள். படம் வந்தது அக்டோபர் கடைசியில். நிஜம் ஐந்து மாதம் முன்னாலேயே ரிலீஸ். பேனர்தான் கட்டவில்லை.

கே: இனிமேல் இந்த அணிக்கு ரசிகனாகலாமா? நம்பிப் போகலாமா?
– ஐ.டி. ஊழியர், கோடம்பாக்கம்

ப: 2025 ஜூலையில் லீகையே நிறுத்தி வைத்தார்கள், நடத்துகிற உரிமைக்கான ஒப்பந்தம் முடியப் போகிறது என்று. ஆட்டக்காரரின் ஒப்பந்தம் போய், லீகின் ஒப்பந்தமே ஊசலாடியது. அதையும் பார்த்துவிட்ட பிறகு இதற்குமேல் பயப்பட என்ன இருக்கிறது, தாராளமாக ஆகுங்கள். ஆனால் புள்ளிப் பட்டியலைப் பார்த்து சந்தோஷமோ துக்கமோ கொண்டாடாதீர்கள். சீசன் முடிந்த பிறகு யாரை இருக்க வைத்தார்கள், யாருக்கு எத்தனை வருஷம் கையெழுத்தானது என்ற செய்தி பேப்பரில் சின்னதாக வரும். அடுத்த சீசனின் முடிவு அந்தப் பத்து வரிக்குள் இருக்கும். மூன்றாவது கோப்பை வந்தால் அன்றைக்குப் பட்டாசு வெடியுங்கள். மறுநாள் காலையில், ‘கோச் இருக்கிறாரா?’ என்று கேட்டுவிட்டு இரண்டாவது சரத்தைப் பற்ற வையுங்கள்.