சைபருக்கும் கரை உண்டுலே

என்னலே பேராண்டி, மூஞ்சி தொங்கிப்போய்க் கெடக்கு? மைனஸ் ஒண்ணுக்கு வர்க்கமூலம் கேட்டியாம், பைத்தான் வாய்க்கு வந்ததைச் சொல்லுதாம். யாருகிட்ட கேட்டே, அதை முதல்ல சொல்லு.

'மேத்' மாட்யூல்கிட்ட போனா, "அந்த வேலை நமக்கு ஆகாது"ன்னு எரரைத் தூக்கி எறியும். நம்பை கிட்ட வெறும் -1ஐ நீட்டினா, ஒரு வார்னிங்கை முனங்கிட்டு 'நேன்', அதாவது எண்ணே இல்லைன்னு கையை விரிக்கும். 'சிமேத்'தான் ஒழுங்கா 1ஜேன்னு சொல்லும். மூலமே கேக்காம, 0.5 அடுக்குன்னு சுத்தி வளைச்சுக் கேட்டியோ, 1ஜே கூடப் புள்ளிக்கு அப்புறம் 16 சைபர் தாண்டி ஒரு தூசியும் ஒட்டிக்கிட்டு வரும். அடுக்கைக் கோணத்தை வச்சுப் போடும்போது பை (π) உள்ள வருது, அதைச் சரியா எழுத எந்தக் கம்ப்யூட்டராலயும் முடியாதுல்லா, அந்தக் கோளாறு.

இதுக்கே அசந்துட்டா எப்படி? அந்த யோக்கியன் சிமேத்கிட்டயே போ. -1ஓட கற்பனைப் பகுதில 0.0 போட்டா 1ஜே, -0.0 போட்டா -1ஜே. "ரெண்டு சைபரும் சமமா?"ன்னு கேளு, கூசாம ஆமாம்னு சொல்லும்!

பொய் இல்லலே. மைனஸ் எண்கள் நிக்கிற கோடு ஒரு வரப்பு. மேல்வயல்ல இருந்து ஏறினா ஒரு விடை, கீழ்வயல்ல இருந்து ஏறினா நேர் எதிர் விடை. வரப்பு மேலேயே நிக்கிறவன் எந்தப் பக்கத்து ஆளுன்னு அந்தச் சைபரோட குறிதான் சொல்லும். 1985லயே ஐட்ரிபிள்ஈ 754ங்கிற தசம எண் கணக்குத் தரத்துல மைனஸ் சைபருக்கு இடம் போட்டாச்சு. வில்லியம் கஹான் 1987ல இதுக்குன்னே ஒரு கட்டுரை எழுதி வச்சிருக்காரு. நீதான் படிக்க மாட்டியே. '-1-0ஜே'ன்னு டைப் அடிச்சிட்டு மைனஸ் சைபர் வந்திருச்சுன்னு நெனைப்பே, 3.14க்கு முந்தின பைத்தான்ல அந்தக் குறி கணக்குப் போடும்போதே கரைஞ்சு போயிரும்.

சரி, பிழைக்கிற வழி சொல்லுதேன். ரெண்டு விடை வந்தா கூட்டி ரெண்டால வகுத்திரு: 1ஜேயும் -1ஜேயும் சேர்ந்தா சைபர், பிரச்னையே இல்லைன்னு மேனேஜருக்கு மெயில் போட்டிரலாம். டெஸ்ட் எழுதுறப்ப பிளஸ் எண்ணா மட்டும் பொறுக்கிப் போடு. சைபரை '=='ஆலயே சோதி, எல்லாம் பச்சையா வரும், புரமோஷனும் வரும்.

மனசு உறுத்துச்சுன்னா மட்டும் 'காப்பிசைன்' போட்டு சைபரோட குறியைப் பாரு, வரப்புக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு டெஸ்ட் வை. ஆனா லைப்ரரியைத் திட்டுறதை மட்டும் விட்டிராதே. உன் டீம்ல திருப்பித் திட்டாதது அது ஒண்ணுதான்.